பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காது

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்திருக்கிறாள் என்ற செய்தியைப் படித்து வீடே மகிழ்ந்தது. டர்பனில் புழுக்கம் தாங்கவில்லை, மற்றபடி எல்லோரும் நலம்.

இங்கே தென்னாப்பிரிக்காவில், பிரிட்டிஷ் காலனியாக இருந்த நேட்டாலுக்குக் கூலி வேலைக்கு வந்த இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பற்றி ஆய்வு செய்ய வரும் உன் மாணவிக்கு வழி சொல்லச் சொல்லியிருந்தாய். அவள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். முனுசாமி, பெருமாள், வீரம்மாள், குப்பன் என்று பெயர்கள், பக்கத்தில் ஊர், கடைசியில் 'சுமார் 1890' என்று காலம். இதை வைத்துக்கொண்டு பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தில் போய் உட்கார்ந்தால் முதல் வாரம் வீண். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு வந்தவர்கள் 152,184 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறியவர்கள். அதில் எத்தனை முனுசாமி இருப்பான், நீயே கணக்குப் போட்டுக்கொள்.

அவள் தேட வேண்டியது காலனி எண்ணை. நேட்டாலில் இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்ததில் தொடங்கி, கடைசிக் கப்பல் வரை எண்கள் வளர்ந்துகொண்டே போயின. திருமணப் பதிவு, பிறப்புப் பதிவு, சம்பளத் தகராறு, விடுதலைச் சான்று, இறப்பு என்று எந்தக் காகிதமானாலும் அந்த எண்ணைத்தான் எழுதினார்கள். பெயரைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினான். ஒரே ஆள் ஒரு தாளில் குப்புசாமி, இன்னொன்றில் கூப்பசாமி, மூன்றாவதில் வெறும் சாமி. எண் மட்டும் மாறாது. ஆனால் நகலெடுக்கும்போது 1 என்பது 7 ஆகவும், 3 என்பது 5 ஆகவும் மாறிவிடும். அதனால் எண்ணை மட்டும் நம்பாமல் கப்பல் பெயர், தகப்பன் பெயர், வயது இவற்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கச் சொல். முன்னும் பின்னும் உள்ள எண்களையும் பார்க்கட்டும். கணவன், மனைவி, பிள்ளைகளுக்கு அடுத்தடுத்த எண்கள்தான் விழும். ஒரே ஊர்க்காரர்களும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள்.

எண்ணைக் கண்டுபிடிக்கப் பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். குடும்பத்தில் தெரிந்த கடைசி ஆளின் இறப்புச் சான்றிலிருந்து தொடங்கட்டும். பிறகு அவருடைய சொத்துக் கோப்பு. அதிலுள்ள இறப்பு அறிவிப்புப் படிவத்தில் பெற்றோர் பெயர், பிறந்த இடம், மனைவி, பிள்ளைகள் எல்லாம் இருக்கும். சொத்து ஒன்றும் இல்லாத ஏழைக்கும் சில சமயம் இந்தப் படிவம் மட்டும் இருக்கும். கோப்பு இல்லை என்று முன்கூட்டியே முடிவு கட்ட வேண்டாம். அங்கிருந்து பெற்றோரின் திருமணப் பதிவு, வீட்டில் யாராவது பத்திரமாக வைத்திருக்கும் பழைய சான்றுகள் என்று போனால் எண் அகப்படும். காலனியில் பிறந்த பிள்ளைகள் கப்பல் பட்டியலில் இருக்க மாட்டார்கள். அவர்களைப் பெற்றோரின் எண்ணைக்கொண்டே அடையாளம் காண வேண்டும்.

குடும்பப் பெயரிலும் எச்சரிக்கை வேண்டும். இன்று கவெண்டர், மூட்லி, படையாச்சி என்று இருக்கும் குடும்பத்தின் முதல் ஆளைக் கப்பல் பட்டியலில் அந்தப் பெயரில் தேடினால் கிடைக்கமாட்டான். அங்கே தனிப்பெயரும் தகப்பன் பெயரும்தான் இருக்கும். சில குடும்பங்களில் தாத்தாவின் தனிப்பெயரே பேரனுக்குக் குடும்பப் பெயராகிவிட்டது, அதையும் மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

எண் கிடைத்த பிறகு கப்பல் பட்டியல். இதற்கு மாரிட்ஸ்பர்க் வரை போக வேண்டியதில்லை. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையம் பட்டியல்களைக் கணினியில் ஏற்றிவைத்திருக்கிறது. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம், யாரிடம் வேலைக்கு அனுப்பப்பட்டார் என்பவை முக்கியமான பத்திகள். கணினிப் பட்டியலில் சந்தேகம் வந்தால் மூலப் பதிவேட்டின் படத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும். படியெடுத்தவரின் பிழையும் அன்றைய குமாஸ்தாவின் பிழையும் வேறு வேறு. உம்லாசி, உம்சிண்டோ போன்ற நீராவிக் கப்பல்கள் திரும்பத் திரும்ப வந்தவை. கப்பல் பெயரை மட்டும் குறித்துவைத்துப் பயனில்லை, எந்தப் பயணம், எந்த ஆண்டு என்பதும் வேண்டும்.

வயதை நம்பாதே. 20, 25, 30 என்று வந்தாலே அது உத்தேசம். சாதிப் பத்தியில் பழைய பதிவேடுகளில் 'மலபார்', 'ஜென்டூ' என்று கிடக்கும். முன்னது தமிழரையும் பின்னது தெலுங்கரையும் சொன்னது, சாதியை அல்ல. 'மலபார்' என்று பார்த்ததும் கேரளத்துக்காரர் என்று எழுதிவிட்ட கட்டுரைகள் உண்டு, உன் மாணவி அந்த வரிசையில் சேர வேண்டாம்.

ஊரைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய தலைவலி. அங்கேதான் உன் உதவி தேவைப்படும். 'வட ஆற்காடு' என்று எழுதியிருந்தால் உடனே வேலூரை நினைக்கிறார்கள். 1911 வரை அந்த ஜில்லாவின் தலைநகரம் சித்தூர். சந்திரகிரி, புங்கனூர், பலமனேர், காளஹஸ்தி எல்லாம் அதற்குள்தான். ஆக வட ஆற்காட்டுக்காரர் இன்றைய ஆந்திரத்துக்காரராகவும் இருக்கலாம். சேலம் ஜில்லாவில் தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் அடக்கம். கிராமப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இன்றைய வரைபடத்தில் தேடினால் ஒரே பெயரில் பத்து ஊர் வரும். முதலில் தாலுகாவை உறுதிசெய்துகொண்டு, அந்தத் தாலுகாவின் பழைய கிராமப் பட்டியலில் ஒலி ஒத்துவரும் பெயர்களைத் தேட வேண்டும். 'வாண்டிவாஷ்' என்றால் வந்தவாசி என்று எல்லோருக்கும் தெரியும். சின்ன ஊர்களுக்கு அப்படி யாரும் சொல்லித்தர மாட்டார்கள். வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது ஒன்றே வழி.

ஒருவருக்கு இரண்டு எண் இருந்தாலும் பதற வேண்டாம். ஊர் திரும்பிப் போய், அங்கே பிழைக்க வழியில்லாமல் மறுபடி ஒப்பந்தத்தில் வந்தவர்கள் உண்டு. இரண்டாவது முறை புது எண்.

இனி காப்பகத்துக்கு வருகிறேன். தென்னாப்பிரிக்கத் தேசியக் காப்பகம் ஒரே கட்டடம் அல்ல. பிரிட்டோரியாவில், காலனிகள் சேர்ந்து 1910இல் அமைந்த தென்னாப்பிரிக்க ஒன்றிய அரசின் கோப்புகளும் பழைய டிரான்ஸ்வால் கோப்புகளும் இருக்கின்றன. கேப் காலனியின் கோப்புகள் கேப்டவுனில். நேட்டால் காலனியின் கோப்புகள் மாரிட்ஸ்பர்க்கில், இப்போது அது மாகாண அரசின் பொறுப்பு. டர்பனில் தனிக் களஞ்சியம் ஒன்று உண்டு. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு கணினி அட்டவணை இருக்கிறது, 'நேர்ஸ்' (NAAIRS) என்பார்கள். அதில் கோப்பின் முகவரி மட்டும்தான் கிடைக்கும், கோப்பின் படம் கிடைக்காது.

அந்த முகவரியைப் படிக்கக் கற்றுக்கொள்வது பாதி வேலை. முதலில் களஞ்சியம்: மாரிட்ஸ்பர்க் என்றால் என்.ஏ.பி. (NAB), ஒன்றிய அரசு என்றால் எஸ்.ஏ.பி. (SAB). அடுத்து மூலம், அதாவது எந்த அலுவலகம் அந்தக் காகிதத்தை வைத்திருந்தது என்பது. ஐ.ஐ. என்றால் இந்தியக் குடியேற்றத் துறை, சி.எஸ்.ஓ. காலனிச் செயலர், எம்.எஸ்.சி.இ. சொத்துக் கோப்புகள், 1/வி.எல்.எம். வெருலம் மாஜிஸ்திரேட். 'லேயர்' என்று வருவது ஆப்பிரிக்கான்ஸில் கோப்பு. பிறகு தொகுதி எண், குறிப்பு எண், ஆண்டு. சொத்துக் கோப்புகளில் தொகுதி எண் இருக்கும் இடத்தில் பூஜ்யம் நிற்கும். அதைப் பிழை என்று விட்டுவிடக் கூடாது, அங்கே குறிப்பு எண்ணும் ஆண்டும்தான் கணக்கு. கோரிக்கைச் சீட்டில் இவை எல்லாவற்றையும் எழுத வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் சீட்டு திரும்பி வரும், அரை நாள் போகும்.

அட்டவணையின் விவரக் குறிப்பை எழுதியவர் கோப்பின் மேலட்டையைப் பார்த்து எழுதியிருப்பார். உள்ளே இருபது பேர் இருந்தாலும் முதல் ஆளின் பெயர் மட்டும் ஏறியிருக்கும். ஆகவே ஒரு பெயரை அடித்துப் பார்த்து 'ஒன்றும் இல்லை' என்று எழுந்துவிடக் கூடாது. இந்த விஷயம் எந்த மேசைக்குப் போயிருக்கும் என்று முதலில் யோசிக்கச் சொல். ஒரு தொழிலாளி முதலாளி அடித்தார் என்று புகார் செய்ய அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டுக் கிளம்புகிறான் என்று வைத்துக்கொள். வழியில் போலீஸ் பிடித்தால் அவன்மேல்தான் முதல் வழக்கு. அது மாஜிஸ்திரேட் கோப்பில் இருக்கும். அதன்பிறகு அவன் இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் என்ற அரசு அதிகாரியிடம் போய்ச் சேர்ந்தால் புகார் ஐ.ஐ. கோப்பில். பாதுகாவலர் மேலிடத்துக்கு எழுதினால் சி.எஸ்.ஓ. அது லண்டனுக்குப் போயிருந்தால் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசியக் காப்பகத்தில் சி.ஓ. 179 வரிசை. ஒரே அடி, நான்கு கோப்பு. நான்கிலும் கதை ஒரே மாதிரி இருக்காது, அங்கேதான் ஆய்வுக்குச் சதை.

ஐ.ஐ. கோப்புகளில் 1901 முதல் 1914 வரை உள்ளவற்றை முதலில் எடுக்கச் சொல்வேன். 1895இன் 17ஆம் சட்டம், ஒப்பந்தம் முடித்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் செய்யாமல் தங்குபவர்மேல் ஆண்டுக்கு 3 பவுண்டு போட்டது. ஐந்தாண்டு ஒப்பந்தம் என்பதால் அது 1901 வாக்கில்தான் கடிக்கத் தொடங்கியது. 1903இல் 16 வயதான பையன்களுக்கும் 13 வயதான பெண்களுக்கும் நீட்டினார்கள். முதல் ஆண்டு மாதம் 10 ஷில்லிங்கில் தொடங்கி, ஐந்தாம் ஆண்டு 14 ஷில்லிங் வாங்கிய குடும்பத்துக்கு 3 பவுண்டு, அதாவது 60 ஷில்லிங், என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. 1914இல் அந்த வரி ஒழிந்தது. இந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் மனு, விலக்கு, பாக்கி, கைது என்று காகிதம் குவிந்து கிடக்கிறது.

வாக்குமூலங்களைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. தமிழில் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொல்ல, குமாஸ்தா சுருக்கி எழுத, கீழே கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி. 'அவள் சொன்னாள்' என்று நேரடியாக மேற்கோள் காட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை. மொழிபெயர்ப்பாளர் யார், அவர் யாரிடம் சம்பளம் வாங்கினார் என்பதையும் சேர்த்து எழுதட்டும்.

சொந்தச் செலவில் வந்த வணிகர்களுக்குக் காலனி எண் கிடையாது. அவர்களுக்கு 1897 குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கோப்புகளும், வணிக உரிமக் கோப்புகளும். ஒன்றியம் அமைந்த பிறகு, குடியேற்றம் மற்றும் ஆசியர் விவகார ஆணையரின் கோப்புகள், அதாவது எஸ்.ஏ.பி.யில் சி.ஐ.ஏ. வரிசை, பிரிட்டோரியாவில். ஒப்பந்தத்தில் வந்தவர், சொந்தச் செலவில் வந்தவர் இருவரின் கோப்புகளையும் குழப்பிக்கொண்டுதான் பலர் 'பதிவு அழிந்துவிட்டது' என்று எழுதுகிறார்கள்.

உண்மையில் அழிக்கப்பட்டது வேறு. இங்குள்ள இந்தியர்கள் நடத்திய 1946 சாத்வீக எதிர்ப்புக்குப் பிந்தைய அரசியலையும் தொடலாமா என்று கேட்டிருந்தாளே, அதற்காகச் சொல்கிறேன். இனஒதுக்கல் ஆட்சி முடியும் தறுவாயில் உளவுத்துறைக் காகிதங்களைத் திட்டமிட்டு எரித்தார்கள். தேசியப் புலனாய்வுத் துறையின் தலைமையகம் மட்டும் 1993இல் சில மாதங்களில் சுமார் 44 டன் காகிதத்தையும் மைக்ரோஃபிலிமையும் அழித்தது, அதில் ஒரு பகுதி எஃகு ஆலை உலைக்குப் போனது என்று உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் பதிவுசெய்திருக்கிறது. எனவே அந்தக் காலத்துக்கு நீதிமன்றப் பதிவுகளும் அமைப்புகளின் சொந்தக் காகிதங்களும்தான் கைகொடுக்கும். காப்பகத்துக்கு வந்துசேர்ந்த கோப்புகளை 1996இன் 43ஆம் சட்டப்படி 20 ஆண்டு கடந்தபின் பொதுமக்கள் பார்க்கலாம். 20 ஆண்டு ஆகாதவற்றுக்கு 2000ஆம் ஆண்டுத் தகவல் பெறும் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க வேண்டும். பதிலுக்கு 30 நாள் என்பது சட்டம். பயணத் திட்டத்தை அந்த 30 நாளை நம்பிப் போட வேண்டாம், விண்ணப்பத்தைக் கிளம்பும் முன்பே அனுப்பிவிடட்டும்.

வாசிப்பறைக்குப் பென்சில் போதும், பேனா எடுத்துவர வேண்டாம். படமெடுக்கும் விதியை மேசையில் கேட்டுக்கொண்டு, ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கட்டும். ஒவ்வொரு கோப்பிலும் முதல் படம் கோரிக்கைச் சீட்டாக இருந்தால் ஊர் திரும்பிய பிறகு எந்தப் பக்கம் எந்தக் கோப்பு என்று தவிக்க வேண்டியிருக்காது. நேட்டால் சொத்துக் கோப்புகளில் பெரும்பகுதியை ஃபேமிலிசர்ச் தளம் படமெடுத்து வைத்திருக்கிறது. அந்த வேலையை வீட்டிலேயே முடித்துவிட்டு, ஐ.ஐ. கோப்புகளுக்காக மட்டும் விமானம் ஏறுவது புத்திசாலித்தனம்.

உன்னிடம் ஒரு வேலை. எழும்பூர்க் காப்பகத்துக்குப் போகும்போது, 1911க்கு முந்தைய வட ஆற்காடு, செங்கல்பட்டு ஜில்லாக்களின் தாலுகாவாரிக் கிராமப் பட்டியல் கிடைத்தால் படமெடுத்து அனுப்பு. தொழிலாளர்களைச் சேர்த்து அனுப்பிய நேட்டால் ஏஜெண்டு சென்னையில் அரசோடு நடத்திய கடிதப் போக்குவரத்து எந்தத் துறை நடவடிக்கைகளில் இருக்கிறது என்றும் அங்குள்ளவர்களைக் கேட்டுவை. உன் மாணவி கிளம்பும் முன் அவை கையில் இருந்தால் நல்லது.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்