ராயின் பத்து வெற்றிகளும் நம் கட்டுரையும்

கலைக்களஞ்சியத் தொகுப்பாளர்களுக்கு,

வணக்கம். முதல் உலகப் போர் விமானி இந்திர லால் ராய் பற்றிய கட்டுரையை முதற்பக்கத்தில் வைக்கப் போகிறீர்கள் என்று மெய்ப்புப் பார்க்க என்னிடம் தந்தீர்கள். சந்திப்பிழைகளைத் திருத்திவிட்டேன். ஆனால் ஒற்றெழுத்தைப் போட்டும் எடுத்தும் சரிசெய்கிற நிலையில் கட்டுரை இல்லை. ஒரு வாரம் தள்ளி வையுங்கள்.

முதல் வரியே 'இந்திய விமானப்படை வீரர்' என்கிறது. அந்தப் படை பிறந்தது 1932 அக்டோபரில். ராய் இறந்தது 1918 ஜூலை 22. அவர் சேர்ந்தது பிரிட்டனின் ராயல் ஃப்ளையிங் கோர். அது 1918 ஏப்ரல் 1 அன்று கடற்படையின் விமானப் பிரிவோடு சேர்ந்து ராயல் விமானப்படை ஆனது. இறந்த வயதை 20 என்று போட்டிருக்கிறீர்கள். 1898 டிசம்பர் 2 அன்று பிறந்த பிள்ளைக்கு அப்போது 19தான்.

அடுத்தது, '10 விமானங்களைத் தனியொருவராகத் தரைமட்டமாக்கினார்'. அவர் கணக்கில் 10 வெற்றிகள் இருப்பது உண்மை. அதில் இரண்டு மற்ற விமானிகளோடு பங்கிட்டவை. தவிர, எதிரி விமானம் நொறுங்கியதைக் கண்ணால் பார்த்தாலும் வெற்றிதான், கட்டுப்பாடிழந்து சுழன்று இறங்கியதைப் பார்த்தாலும் வெற்றிதான். அன்றைய பிரிட்டிஷ் கணக்கு அப்படி. ராயின் பத்தில் இரண்டு வகையும் உண்டு. '10 வெற்றிகள் அவர் பெயரில் பதிவாயின' என்று எழுதினால் அவர் பெருமையில் ஒரு குன்றிமணி குறையாது.

'13 நாட்களில்' என்பதையும் பாருங்கள். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். முதல் வெற்றி ஜூலை 6, கடைசி ஜூலை 19. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், 14 வருகிறது. வம்பே வேண்டாம், தேதிகளையே போட்டுவிடுங்கள்.

அப்புறம் அந்தப் 'பறக்கும் சீட்டு'. 'ஃப்ளையிங் ஏஸ்' என்பதை அப்படி மொழிபெயர்த்திருக்கிறீர்கள். ஏஸ் என்றால் ஐந்தோ அதற்கு மேலோ வான்வெற்றி பெற்ற விமானி. ரம்மிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஏஸ் என்றே எழுதி, ஒரு வரியில் விளக்கம் கொடுத்தால் போதும்.

'வானத்துச் சிங்கம்', 'வங்கத்து வேங்கை' எல்லாவற்றையும் அடித்துவிட்டேன், கோபிக்காதீர்கள். அந்த இடத்தில் போட வேண்டியதை நீங்கள் விட்டுவிட்டீர்கள். கண்பார்வை போதாது என்று படையில் முதலில் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். பையன் தன் மோட்டார் சைக்கிளை விற்று, அந்தக் காசில் பெரிய கண் மருத்துவர் ஒருவரிடம் மறுபடி பரிசோதனை செய்துகொண்டு உள்ளே போனான். எந்தச் சிங்கம் இப்படிச் செய்யும்?

பிணவறைக் கதைதான் எனக்குத் தலைவலி. 1917இல் விமானம் விழுந்து அடிபட்டார், பறக்கத் தகுதியில்லை என்று ஓய்வில் வைத்தார்கள், அந்த நாட்களில் விமானங்களாக வரைந்து தள்ளினார், இதுவரை சரி. செத்துவிட்டார் என்று பிணவறையில் போட்டுவிட, விழித்தெழுந்து கதவைத் தட்டினார் என்பது வாய்வழி வந்த கதை. எனக்கும் பிடிக்கும். இருக்கட்டும், ஆனால் 'என்று சொல்லப்படுகிறது' என்ற இரண்டு சொல்லோடு இருக்கட்டும்.

பிறந்த ஊரைக் கல்கத்தா என்று மாற்றியிருக்கிறேன். 1898இல் கொல்கத்தா என்ற பெயர் அரசு ஏட்டில் இல்லை. மறுபடி யாரும் 'திருத்தி' விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் மெய்ப்புக்காரன்