அவர்கள் விமானப்படையினர் அல்லர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று கொழும்பின் மீது ஜப்பானியர் நடத்திய விமானத் தாக்குதலைப் பற்றித் தங்கள் சென்ற வார இதழில் வெளியான முழுப்பக்கக் கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். கொக்கலையிலிருந்து கட்டலினா விமானத்தில் புறப்பட்டு, முதல்நாள் மாலையிலேயே எதிரிக் கப்பல்களைக் கண்டு எச்சரிக்கை அனுப்பிவிட்டுச் சிறைப்பட்ட கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சலைப் பற்றிய பகுதி நிறைவாக இருந்தது. அவருக்கு அந்த மரியாதை தகும். ஆனால் அதற்கு அடுத்த பத்தியில், விமானப்படையின் ஆறு பழைய விமானங்களும் அன்று எளிதில் இரையாகிவிட்டன என்று ஒரே வரியில் எழுதி முடித்திருந்ததைக் கண்டபோது, பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுச் சற்று நேரம் வெளியே போய் நின்றேன். எழுபத்தெட்டு வயதில் ஒரு வரிக்காக இத்தனை மனம் நோக வேண்டுமா என்று வீட்டார் கேட்கிறார்கள். நோகத்தான் செய்கிறது.

அந்த ஆறு விமானங்களும் விமானப்படைக்கு உரியவை அல்ல. அவை பிரித்தானிய அரச கடற்படையின் 788ஆம் படையணியைச் சேர்ந்த சுவோர்ட்பிஷ் விமானங்கள். அவற்றில் பறந்தவர்கள் கடற்படை விமானிகள். கடற்படையின் விமானப் பிரிவு 1939 மே மாதத்திலேயே விமானப்படையின் பொறுப்பிலிருந்து பிரிந்து முற்றாகக் கடற்படையின் கீழ் வந்துவிட்டது என்பது தாங்கள் அறியாததல்ல. அப்படியிருக்க, எவருடைய பெயரில் அவர்கள் பறந்தார்களோ அந்தப் பெயரையே அவர்களிடமிருந்து எடுத்துவிடுவது எவ்வகையில் நியாயம்?

எளிதில் இரையாயின என்ற சொல்லையும் என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டு அடுக்கு இறக்கைகளும், உலோகச் சட்டத்தின் மேல் இழுத்துத் தைத்த துணியும், மேலே மூடியில்லாத இருக்கைகளும் கொண்ட விமானம் அது. விமானி, திசை பார்ப்பவர், பின்னால் துப்பாக்கியுடன் வானொலி இயக்குபவர் என மூவர் அதில் அமர்ந்திருப்பர். முழு வேகத்தில் பறந்தாலும் மணிக்கு 220 கிலோமீற்றர் அளவைத்தான் எட்டும். அன்று அவை வயிற்றின் கீழ் ஏறத்தாழ 700 கிலோ எடையுள்ள டோர்பிடோவை, அதாவது நீருக்குள் பாய்ந்து கப்பலைத் தாக்கும் குண்டைக் கட்டிக்கொண்டு, திருகோணமலை சீனக்குடாவிலிருந்து கொழும்புக்கு அருகிலுள்ள இரத்மலானை விமான நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தன. எதிரிக் கப்பல்களைத் தாக்குவதற்காகவே அந்தச் சுமை. கொழும்பை நெருங்கிய வேளையில் அவற்றைவிட இரு மடங்குக்கும் மேலான வேகமுடைய ஜப்பானியரின் சீரோ போர்விமானங்கள் சூழ்ந்துகொண்டன. ஆறும் வீழ்ந்தன. இவ்வளவு மெதுவான விமானத்தில், இப்படியொரு சுமையுடன், உலகின் மிகப் பெரிய விமானந்தாங்கிப் படைகளில் ஒன்று கடலில் நிற்கிறது என்று தெரிந்த பிறகும் புறப்பட்டு வந்தவர்களைப் பற்றி எழுத வேறு சொல் கிடைக்கவில்லையா?

இதே வகை விமானங்கள் இருபத்தொன்றுதான் 1940 நவம்பர் 11ஆம் திகதி இரவு இத்தாலியின் தாரந்தோ துறைமுகத்துக்குள் புகுந்து மூன்று பெரும் போர்க்கப்பல்களைச் செயலிழக்கச் செய்தன. 1941 மே மாதத்தில் ஜேர்மனியின் பிஸ்மார்க் கப்பலின் சுக்கானை முடக்கி, அது தப்பிச் செல்ல முடியாமற் செய்ததும் ஒரு சுவோர்ட்பிஷ் விமானத்தின் டோர்பிடோதான். விமானம் பழையதாக இருக்கலாம். அதில் ஏறிய மனிதரின் துணிவை அந்தப் பழமையைக் கொண்டு அளக்கக் கூடாது.

இதை நான் நூல்களில் மட்டும் படித்துவிட்டு எழுதவில்லை. போர்க்காலத்தில் இங்கே தியத்தலாவையில் கடற்படையினருக்கான ஓய்வு முகாம் இருந்தது. என் தந்தையார் தமது இருபதாவது வயதில், தோட்டத்து வேலையை விட்டு அந்த முகாமின் சமையற்கட்டில் பாத்திரம் கழுவச் சேர்ந்தார். அங்கே சில வாரங்கள் தங்கியிருந்த ஓர் இளைஞரைப் பற்றி அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். தீக்காயத்தால் அந்த இளைஞரின் வலக்கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தனவாம். தேநீர்க் கோப்பையின் காதைப் பிடிக்க இயலாமல், இரு உள்ளங்கைகளுக்கும் நடுவில் அதை ஏந்திக் குடிப்பாராம். சூடு தாங்காதே என்று என் தந்தையார் முதலில் சற்று ஆற்றிவிட்டுக் கொடுத்தபோது, அதைத் திருப்பிக் கொடுத்துச் சூடாகவே வாங்கிக்கொண்டாராம். முகாமைவிட்டுப் போகும் நாளில், உள்ளே ஆட்டு ரோமம் வைத்த தோல் கையுறை ஒன்றை என் தந்தையாரிடம் கொடுத்துவிட்டுப் போனார். இடது கைக்கு உரியது மட்டுந்தான். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்துக் காம்பிராவில் அம்மா அடுப்பிலிருந்து உலைப்பானையை இறக்கும்போது அதைத்தான் மாட்டிக்கொள்வார். கரிபிடித்து, விரல் நுனிகள் தேய்ந்து, உள்ளிருந்த ரோமம் பந்து பந்தாக உதிரும் வரை அது எங்கள் வீட்டில் இருந்தது.

அந்த இளைஞரின் பெயர் என் தந்தையாருக்குத் தெரியாது. ஆனால் அவரைக் குறிப்பிடும்போதெல்லாம் "கப்பல் பிளேன்காரர்" என்றே சொல்வார். விமானப்படைக்காரர் வேறு, இவர் வேறு என்பதில் அவருக்கு ஒருநாளும் குழப்பம் இருந்ததில்லை. தரையில் இறங்குபவர்களுக்கு ஓடுபாதை இருந்த இடத்திலேயே இருக்கும், இவர்களுக்கு அதுவும் கடலில் ஆடிக்கொண்டே போய்விடும், திரும்பி வரும்போது கப்பல் இல்லாவிட்டால் போக்கிடமே இல்லை என்று முகாமில் கேட்டதை எங்களுக்கு விளக்குவார். கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு தோட்டத் தொழிலாளி மதித்துக் காப்பாற்றிய வேறுபாட்டை, படித்தவர்கள் நடத்தும் பத்திரிகை கைவிட்டுவிட்டதே என்பதுதான் என் மனக்குறை.

இது முதல் தடவையாக இருந்திருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். மூன்று ஆண்டுகளுக்கு முன், அதே 1942இல் ஏப்ரல் 9ஆம் திகதி மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்ட ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலைப் பற்றித் தாங்கள் எழுதியபோது, அதன் விமானங்கள் ஏன் எழும்பவில்லை என்று கேட்டிருந்தீர்கள். கப்பலில் அன்று விமானங்களே இல்லை, அதன் 814ஆம் படையணி சீனக்குடாவில் தரையில் விடப்பட்டிருந்தது, உதவிக்கென்று இரத்மலானையிலிருந்து வந்த கடற்படையின் புல்மார் விமானங்கள் வந்து சேர்வதற்குள் கப்பல் போய்விட்டது, 307 பேர் மாண்டனர் என்று மூன்று பக்கம் எழுதி அனுப்பினேன். அந்தக் கடிதம் பிரசுரமாகவில்லை. கிடைத்தது என்று ஒரு வரிப் பதிலும் வரவில்லை. அதற்கும் முன்னர், நான் வகுப்பில் இவற்றைச் சொல்லிக்கொடுத்த காலத்தில், பரீட்சைக்கு வராத விடயத்துக்கு எதற்கு நேரம் செலவழிக்கிறீர்கள் என்று மேலதிகாரி ஒருவர் கேட்டார். அப்போதும் என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை.

போரின் நிழல் மலைநாட்டில் விழவேயில்லை என்றும் அதே கட்டுரை சொல்கிறது. 1944இல் தென்கிழக்கு ஆசியக் கூட்டுப்படைத் தலைமையகமே கண்டியை அடுத்த பேராதனைப் பூங்காவுக்கு வந்தது. அதன் தலைவர் மவுண்ட்பேட்டனும் ஒரு கடற்படை அதிகாரிதான். மலாயா வீழ்ந்த பின் நேசநாடுகளின் வண்டிகளுக்கும் விமானங்களுக்கும் ரப்பர் தந்ததில் நம் நாட்டுத் தோட்டத் தொழிலாளரின் கைகளுக்குப் பெரும் பங்குண்டு. அந்தப் போர்வீரர்களுக்குக் கோப்பை கழுவிய என் தந்தையார், இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரின் குடியுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவரானார். ஆகவே எங்களைப் போன்றவர்களுக்கு ஒருவரின் பெயரைச் சரியாகச் சொல்வது என்பது சிறிய காரியம் அன்று. யார் எங்கே எதற்காக நின்றார் என்பதை எழுத்தில் மாற்றிவிட்டால் பிறகு என்ன நடக்கும் என்பதை நாங்கள் பட்டு அறிந்தவர்கள்.

ஹம்ப்டன் கிரே என்ற கனேடியக் கடற்படை விமானி 1945 ஓகஸ்ட் 9ஆம் திகதி ஜப்பானின் ஒனகவா குடாவில் ஒரு போர்க்கப்பலைத் தாக்கி மூழ்கடித்து, தானும் அந்தக் கடலிலேயே வீழ்ந்தார். அவருக்குப் பிரித்தானியாவின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. அவரது நினைவுக்கல் 1989இல் அதே ஒனகவாவில், அவரால் தாக்கப்பட்டவர்களின் மண்ணிலேயே நாட்டப்பட்டது. எதிரியாக வந்தவரின் பெயரையே அவர்கள் கல்லில் பிழையின்றிப் பொறித்திருக்கிறார்கள். நமது கடற்கரையைக் காக்கப் பறந்து, கல்லறையும் கிடைக்காமல் கடலோடு போனவர்களின் பெயர்களோ, எங்கோ இங்கிலாந்தில் லீ-ஒன்-சோலண்ட் கடற்கரையிலுள்ள நினைவுச் சுவரில்தான் இருக்கின்றன. தமிழில் அவர்களைத் தேடும் ஒரு மாணவன் தங்கள் பத்திரிகையைத்தான் எடுத்துப் பார்ப்பான்.

ஆகவே நான் கேட்பது இரண்டு வரிகள் மட்டுமே. அன்று வீழ்ந்த ஆறு சுவோர்ட்பிஷ் விமானங்களும் அரச கடற்படையின் 788ஆம் படையணிக்கு உரியவை என்றும், இரத்மலானையிலிருந்து எழும்பி எதிர்த்த போர்விமானங்களில் கடற்படையின் 803, 806ஆம் படையணிகளைச் சேர்ந்த புல்மார்களும் இருந்தன என்றும் அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிட்டுவிடுங்கள். இடநெருக்கடி என்றால் இந்தக் கடிதத்தில் மற்ற அனைத்தையும் நீக்கிவிட்டு அந்த இரண்டு வரிகளை மட்டும் போட்டாலும் எனக்குச் சம்மதமே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
தியத்தலாவை.