லீடர் கையில் சாக்பீஸ் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளிகள் திறக்கிற நேரம். இனி வகுப்புக்கு வகுப்பு லீடர் போடுவார்கள். அந்தப் பிள்ளைக்கு நாம் கொடுக்கிற வேலை என்ன? டீச்சர் வெளியே போனதும், பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதுவது. 31 வருடம் ஆசிரியையாக இருந்த நானும் வெகுகாலம் இதைத்தான் செய்யச் சொன்னேன். கூட இருக்கிற பிள்ளையைக் காட்டிக்கொடுக்கப் பழக்கிவிட்டு, அதற்குத் தலைமைப் பண்பு என்று பெயர் வைத்திருந்தோம்.

ஒரு வருடம் விளையாட்டு விழாவுக்குக் குடிதண்ணீர்ப் பொறுப்பை எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் முழுசாக விட்டேன். முந்தின நாள் சாயங்காலம் டிரம்மை நிரப்பி வைக்க மறந்துவிட்டாள். ஓடி முடித்து மூச்சிரைக்க வந்த பிள்ளைகள், அடியில் கிடந்த தண்ணீருக்காக டம்ளரால் டிரம்மைச் சுரண்டிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்து அவளே குடம் குடமாகச் சுமந்தாள். மறுநாள் காலையிலேயே அவள் அப்பா வந்துவிட்டார். "ராத்திரி பூரா சாப்பிடல டீச்சர். அந்த வேலைய வேற பிள்ளைக்கு மாத்திருங்களேன்." எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆனாலும் மாற்றவில்லை. அடுத்து வந்த சுதந்திர தினத்துக்கு முந்தின நாள், மணியடித்த பிறகும் அவள் வீட்டுக்குப் போகாமல் குழாயடியில் நின்றாள். டிரம் நிரம்பியதும், மூடி சரியில்லை என்று பழைய வேட்டித் துணி கேட்டு வாங்கி வாயைக் கட்டிவிட்டுத்தான் கிளம்பினாள். அன்றைக்கு அவள் அப்பா பேச்சைக் கேட்டு மாற்றியிருந்தால், அந்தப் பிள்ளையிடமிருந்து எதைப் பிடுங்கியிருப்பேன் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி கரைபுரண்டபோது, எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, யாருக்குச் சுகர் மாத்திரை தீர்ந்துபோச்சு என்று நோட்டில் குறித்துக்கொண்டு எங்கள் தெருவில் அலைந்தவர்கள் பிளஸ் டூ பையன்கள். யாரும் அவர்களை ஏவவில்லை. அம்மன் கோயில் கொடை விழாவுக்கு வீடு வீடாக வரி பிரித்து, கணக்கு ஒப்படைத்துப் பழகியவர்கள் அவர்கள்.

இதே வயசுப் பையன்கள்தான் சாதிக்கொரு நிறத்தில் கையில் கயிறு கட்டிக்கொண்டும் வருகிறார்கள். சாதிப் பகையில் ஒரு மாணவனைக் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டிய நாங்குநேரி சம்பவத்துக்குப் பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு ஒருநபர் குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் அந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. செய்ய வேண்டியதுதான். ஆனால் கயிற்றை அறுத்தால் மட்டும் தீராது. பதினைந்து வயசுப் பையனுக்கு, 'நீ இல்லாமல் இந்தக் காரியம் நடக்காது' என்று யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடமும் வீடும் அதைச் சொல்லாவிட்டால், கயிறு கட்டிவிடுகிறவன் சொல்வான், வேலையும் கொடுப்பான்.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். குழுக் கூட்டத்தில் மார்க்கைப் பற்றி மட்டும் பேசாமல், என் பிள்ளை பொறுப்பில் இந்தப் பள்ளியில் என்ன வேலை இருக்கிறது என்று கேளுங்கள். நூலக அலமாரிச் சாவியோ, ஆண்டு விழாச் செலவுக் கணக்கோ, எதுவானாலும் சரி. இரண்டு சாதிப் பிள்ளைகள் சேர்ந்து செய்தால்தான் முடியும் என்கிற வேலையாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு தடவை சொதப்பினால் உடனே பறிக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு வாருங்கள்.

அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் எந்தப் பள்ளி கூப்பிட்டாலும், சனிக்கிழமைகளில் வந்து பிள்ளைகளோடு உட்கார நான் தயார்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
அம்பாசமுத்திரம்.