பின்சக்கர பிக்கப்பும் வின்னிபெக் பனியும்: மகளுக்கு ஒரு கடிதம்

பாலிக் புலாவ்,
பினாங்கு

அன்பு மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

நீ வாங்கியிருக்கும் பிக்கப், அதாவது பின்னால் திறந்த சுமைத்தட்டு உள்ள வண்டி, நான்கு சக்கர இழுவை கொண்டதன்று, பின்சக்கரங்களால் மட்டுமே உந்தப்படுவது என்று நேற்று நீ சொன்னதிலிருந்து என் மனம் அந்த வண்டியையே சுற்றிக்கொண்டிருக்கிறது. விலை குறைவு, நில அளவைக் கருவிகளை ஏற்றிச் செல்ல வசதி என்று நீ சொன்ன காரணங்கள் நியாயமானவை. வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடு என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. நான்கு சக்கர இழுவை பரவலாவதற்கு முன்பு, நீ இருக்கும் கனடாவின் வின்னிபெக் ஊர்க்காரர்கள் இத்தகைய வண்டிகளில்தான் குளிர்காலத்தைக் கடந்தார்கள். அவற்றின் குணத்தை அறிந்து ஓட்டினார்கள். அந்தக் குணத்தை நீயும் முதல் பனி விழுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

வெறும் தட்டோடு நிற்கும் பிக்கப்பின் எடையில் பாதிக்கும் மேல் முன்சக்கரங்களின்மீது இருக்கிறது, ஏனென்றால் இயந்திரமும் கியர்பெட்டியும் ஓட்டுநர் அறையும் அந்தப் பக்கம்தான் உள்ளன. தள்ள வேண்டிய பின்சக்கரங்களின்மீது அமர்ந்து அழுத்துவதற்கு எதுவும் இல்லை. இதை நம் ஊர் டுரியான் தோட்டங்களிலேயே நீ பார்த்திருக்கிறாய். பருவ காலத்தில் காலி வண்டியோடு மேட்டில் ஏறும்போது ஈரமண்ணில் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும்; கூடைகளை ஏற்றிய பிறகு அதே மண்ணில் அதே வண்டி பிடிப்போடு நகரும். அதனால்தான் நான் காலியாகப் போகும்போது மணல் மூட்டைகளைப் போட்டுக்கொண்டு போவேன்.

உன் ஊரில் இதற்கென்றே நீளவாக்கில் தைத்த மணல் மூட்டைகள் வன்பொருள் கடைகளில் கிடைக்கும். ஒன்று ஏறத்தாழ 27 கிலோ. நான்கிலிருந்து ஆறு மூட்டைகள் போதும். அவற்றைப் பின் ஆக்சிலுக்கு, அதாவது பின்சக்கரங்களை இணைக்கும் அச்சுக்கு, நேர் மேலே, இரண்டு சக்கர வளைவுகளுக்கும் இடையில் அடுக்க வேண்டும். இறக்கி ஏற்ற வசதியாக இருக்கிறது என்று பின்கதவை ஒட்டிப் போட்டுவிடாதே. ஆக்சிலுக்குப் பின்னால் விழும் எடை வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிவிடும். பிறகு நீ ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் முன்சக்கரங்கள் சொல்பேச்சுக் கேட்கமாட்டா. மூட்டைகள் முன்னும் பின்னும் நகராதபடி தட்டின் குறுக்கே இரண்டு மரச்சட்டங்களை இறுக்கமாகப் பொருத்தி, மேலே பட்டை போட்டுக் கட்டிவிடு. நீ திடீரென்று பிரேக் பிடிக்கும்போது கட்டாத மூட்டை உன் முதுகுப்புறக் கண்ணாடியை நோக்கித்தான் வரும். மூட்டைகள் நனையாமல் தார்ப்பாயால் மூடி வை. நனைந்த மணல் உறைந்து பாறையாகிவிட்டால், வண்டி சிக்கிக்கொள்ளும்போது சக்கரத்தின் முன்னால் தூவுவதற்குப் பயன்படாது.

ஆனால் மகளே, இந்த மூட்டைகளை நம்பிப் பலர் ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. தட்டில் ஏற்றிய எடை வண்டி புறப்படுவதற்கும் மேடேறுவதற்கும் உதவும். வண்டி நிற்பதற்கு உதவாது. எடை கூடும்போது பிடிப்பு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு, நிறுத்தப்பட வேண்டிய சுமையும் கூடிவிடுகிறது. சிவப்பு விளக்கிலிருந்து வண்டி திக்காமல் கிளம்பியதை வைத்து அடுத்த விளக்கில் சரியாக நின்றுவிடும் என்று நீ ஒருபோதும் கணக்குப் போடாதே. நிற்பதும் வளைவதும் டயரின் வேலை. ஆகவே கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், மணலுக்கும் முன்னால் டயரை வாங்கு.

வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்கிவிடும். குளிர்கால டயரின் ரப்பர் கடுங்குளிரிலும் இளகியே இருக்கும்படி செய்யப்பட்டது. டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரங்கள் கொண்ட மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பொறித்திருக்க வேண்டும். சேற்றுக்கும் பனிக்கும் என்பதைக் குறிக்கும் எம்+எஸ் (M+S) என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் அது போதாது. பின்சக்கரங்கள்தானே வண்டியைத் தள்ளுகின்றன என்று இரண்டை மட்டும் மாற்றாமல் நான்கையும் மாற்று. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படியே கட்டாயம். உன் மானிட்டோபா மாநிலத்தில் அந்தக் கட்டாயம் இல்லாவிட்டாலும், அங்குள்ள அரசு வாகனக் காப்புறுதி நிறுவனம் அவற்றை வாங்கக் குறைந்த வட்டியில் கடன் தருகிறது; விசாரித்துப் பார். காற்றழுத்தத்தையும் கவனி. 20 டிகிரி இதமான பட்டறைக்குள் சரியாக அடித்த காற்று, வெளியே மைனஸ் 20 டிகிரியில் ஏறத்தாழ 7 பிஎஸ்ஐ குறைந்துவிடும்.

ஓட்டும்போது எக்சிலேட்டரில் உன் கால் எப்போதும் மென்மையாக இருக்கட்டும். பின்சக்கர வண்டியில் வளைவின் நடுவே வேகத்தைக் கூட்டினால் பின்பக்கம் வெளியே வழுக்கும். நம் ஊர் துன் சார்டோன் மலைச்சாலையில் மழை பிடிக்கும் முதல் சில நிமிடங்களில் நான் உன்னை ஓட்டவிடாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். அப்படி வழுக்கினால் எக்சிலேட்டரிலிருந்து காலைத் தளர்த்தி, நீ போக வேண்டிய பக்கத்தைப் பார்த்தபடி ஸ்டீயரிங்கை அந்தப் பக்கமே திருப்பு. வண்டி நேராகும்போது ஸ்டீயரிங்கையும் உடனே நேராக்கிவிடு, இல்லையேல் எதிர்ப்பக்கம் வீசிவிடும். பனிச்சாலையில் கியரைச் சட்டென்று குறைப்பதும் ஆபத்தானது, ஏனென்றால் இயந்திரத்தின் இழுப்பு பின்சக்கரங்களை மட்டுமே பிடித்து அவற்றை வழுக்கச் செய்யும். வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைத்திருக்கும் குரூஸ் கண்ட்ரோலைக் குளிர்காலம் முழுவதும் தொடாதே. உன் ஊரின் ரெட் ஆற்றுப் பாலங்களில் ஏறும் முன்பே வேகத்தைக் குறைத்துவிடு. மேலும் கீழும் காற்றுப் படுவதால் சாலையைவிடப் பாலம் முந்தி உறையும். மைனஸ் 25 டிகிரியைவிட 0 டிகிரியை ஒட்டிய நாள்களில் பனிக்கட்டி அதிகம் வழுக்கும் என்பதையும் மறவாதே, அப்போது அதன்மேல் ஈரப்படலம் நிற்கும்.

நம் ஊரில் ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டுபவர்கள் உண்டு. அங்கே அது உறைந்து இயந்திரத்தையே பிளந்துவிடும். உறைதடுப்பு திரவமும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்திருந்தால் ஏறத்தாழ மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும். பட்டறையில் அளந்து பார்க்கச் சொல். வண்டியின் முன்கிரில் வழியாகத் தொங்கும், இயந்திரத்தைச் சூடாக வைக்கும் கருவியின் மின்கம்பியை, மைனஸ் 15 டிகிரிக்குக் கீழே போகும் இரவுகளில், மறக்காமல் செருகி வை. பெட்ரோல் பாதித் தொட்டிக்குக் கீழே இறங்க விடாதே.

எங்காவது பனியில் சிக்கி, சூட்டுக்காக இயந்திரத்தை ஓடவிட்டு உள்ளே உட்கார நேர்ந்தால், முதலில் இறங்கிப் போய்ப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றிவிடு. அந்தக் குழாய் அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. பனி தொடர்ந்து பெய்தால் மறுபடியும் மறுபடியும் இறங்கிப் பார்க்க வேண்டும். மண்வாரி, கம்பளி, கைவிளக்கு ஆகிய மூன்றும் பின்தட்டில் அல்ல, உன் இருக்கைக்குப் பின்னால் இருக்கட்டும்.

வண்டியோடு வந்த டயர்கள் குளிர்காலத்துக்கானவை என்று விற்றவர் சொன்னதாகச் சொன்னாய். நான்கு டயர்களின் பக்கவாட்டையும் படம் பிடித்து எனக்கு அனுப்பு. மலைக் குறியோடு, டாட் (DOT) என்ற எழுத்துகளைத் தொடரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களும் படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் காட்டும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. சில டயர்களில் அந்த நான்கு இலக்கங்கள் உட்பக்கத்தில் மட்டுமே இருக்கும், குனிந்து பார். இந்தச் சனிக்கிழமைக்குள் அனுப்பினால் நானும் அம்மாவும் பார்த்துவிட்டு அன்றிரவே உன்னை அழைக்கிறோம்.

அன்புடன்,
அப்பா