ஆவி வேறு, ஆன்மா வேறு

ஆசிரியருக்கு,

நவம்பர் 2 கல்லறைத் திருநாள் செய்திகளில் 'இறந்தவர்களின் ஆவிக்காகப் பிரார்த்தனை' என்று எழுதுவதைத் தவிர்க்கலாம். கத்தோலிக்கர் அன்று மன்றாடுவது ஆன்மாக்களுக்காக. ஆவி என்று அச்சேறினால் படிப்பவர் மனத்தில் புளியமரம்தான் வந்து நிற்கும்.

செய்தியாளர்களை மட்டும் குறைசொல்ல முடியாது. பிரசங்க மேடைகளிலேயே மூன்று வட்டம் வரைந்து, வெளியே சரீரம், நடுவே ஆத்துமா (ஆன்மாதான்), உள்ளே ஆவி என்று காட்டுகிறார்கள். உணர்ச்சி ஆத்துமாவின் பங்கு, பக்தி ஆவியின் பங்கு என்று பாகப்பிரிவினையும் நடக்கிறது. ஆவி, ஆத்துமா, சரீரம் மூன்றையும் சேர்த்துச் சொல்லும் வேதாகம வசனம் 1 தெசலோனிக்கேயர் 5:23 அதற்கு ஆதாரமாம். ஆனால் யோவான் 12:27இல் இயேசுவின் ஆத்துமா கலங்குகிறது. 13:21இல் அவர் ஆவியிலே கலங்குகிறார். கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் கலக்கத்துக்கு ஒரே வினைச்சொல்தான். மரியாளின் பாட்டில் (லூக்கா 1:47) சந்தோஷப்படுவது ஆவி. சந்தோஷம் உணர்ச்சி இல்லையா?

வேறுபாடே இல்லை என்பதல்ல. ஆதியாகமம் 2:7இல் மண்ணுக்குள் சுவாசம் ஊதப்படுகிறது, மனுஷன் 'ஜீவாத்துமாவானான்'. ஆத்துமா என்று ஒன்றைத் தனியாக உள்ளே வைக்கவில்லை. ஆளே ஆத்துமா ஆனான். க் என்ற மெய்யோடு அ சேர்ந்தால் க என்ற உயிர்மெய் கிடைக்கிறதே, அங்கே மூன்றாவது எழுத்து எதையும் கொண்டுவந்து ஒட்டுவதில்லை. அதுபோலத்தான். ஆவி என்பது கொடுக்கப்பட்ட மூச்சு. எபிரேயத்தில் 'ரூவாக்': காற்றுக்கும் அதே சொல். யோபு 27:3 அதை நாசியிலேயே வைக்கிறது. பிரசங்கி 12:7இல் அது தந்தவரிடம் திரும்புகிறது.

தமிழில் மட்டும் படிப்பவருக்கு இது பிடிபடாமல் போவதற்கு மொழிபெயர்ப்பும் காரணம். ஆத்துமாவுக்குரிய 'நெபேஷ்' என்ற ஒரே எபிரேயச் சொல் நமது பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் கடல்வாழ் உயிர்களைச் சொல்லும்போது ஜீவஜந்து (ஆதி. 1:20), லேவியராகமம் 17:11இல் உயிர், சங்கீதம் 69:1இல் ஆத்துமா. அந்தச் சங்கீதத்தில் வெள்ளம் 'ஆத்துமாமட்டும்' வருகிறது. நெபேஷுக்குத் தொண்டை, கழுத்து என்றும் பொருள் உண்டு. மூழ்கப்போகிறவனின் கூக்குரல் அது, கழுத்தளவு தண்ணீர். புதிய ஏற்பாட்டிலும் இதே கதை. ஆத்துமாவுக்குரிய கிரேக்கச் சொல்லான 'ப்சுகே' மத்தேயு 16:26இல் ஜீவன். அதிலிருந்து பிறந்த உரிச்சொல் 1 கொரிந்தியர் 2:14இல் 'ஜென்மசுபாவமான' ஆகிவிடுகிறது. ஆத்துமாவோடு அதற்குள்ள உறவு கண்ணிலேயே படாது.

ஆவி என்ற சொல்லுக்கும் தமிழில் சுமை அதிகம். இட்லிப் பானையில் எழுவதும் ஆவி, சளிக்குப் பிடிப்பதும் ஆவி, பேயும் ஆவி. முற்காலக் கத்தோலிக்கர் 'இஸ்பிரித்து சாந்து' என்று போர்த்துக்கீசியத்தையே வைத்துக்கொண்டார்கள். இன்று 'தூய ஆவியார்' என்று ஆர் விகுதி சேர்க்கிறார்கள், நல்ல ஏற்பாடு.

செய்தி அறைக்கு ஒரு வேண்டுகோள். கிறித்தவரின் இறப்பு, நினைவு நாள் செய்திகளில் ஆன்மா அல்லது ஆத்துமா என்று எழுதுங்கள். சைவ மடங்களின் செய்தியிலும் ஆன்மா என்ற சொல் வரும், பொருள் வேறு. சித்தாந்தத்தில் அது அநாதி, கிறித்தவத்தில் படைக்கப்பட்டது. இரண்டையும் ஒரே விளக்கத்தில் அடைக்க வேண்டாம்.

- வாசகர், பாளையங்கோட்டை