பழைய சிசேரியன் தழும்பும் நஞ்சுக்கொடியும்: நுவரெலியா மாவட்டச் சுகாதார அதிகாரிகளுக்கும் தோட்ட நிர்வாகங்களுக்கும்

மதிப்புக்குரியவர்களே,

முன்பு சிசேரியன் செய்த எந்தத் தாயும், நஞ்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது என்று தெரியாமல் பிரசவ மாதத்துக்கு வரக்கூடாது. எங்கள் கோரிக்கை இதுதான்.

நஞ்சுக்கொடி, சுருக்கமாக நஞ்சு, கருப்பையின் உட்படலத்தில் ஒட்டி, பிள்ளை பிறந்ததும் கழன்று வரவேண்டும். தழும்பில் அந்தப் படலம் சிதைந்திருப்பதால், அங்கே ஒட்டும் நஞ்சு தசைக்குள் இறங்கிவிடக்கூடும். சிலருக்கு மூத்திரப்பை வரைக்கும் போகும். இதுவே பிளசென்டா அக்ரீட்டா. பொதுவாக அபூர்வம். ஆனால் நஞ்சு கருப்பை வாயை மூடியிருந்து, முன்பு ஒரு சிசேரியனும் செய்திருந்தால் நூற்றுக்குச் சுமார் 11 பேருக்கு வருகிறது. இரண்டு செய்திருந்தால் சுமார் 40 பேருக்கு.

கழலாத நஞ்சை இழுப்பதுதான் உயிரைக் குடிக்கிறது. நிறைமாதக் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 மில்லிலீட்டருக்கும் மேல் இரத்தம் பாய்கிறது. நஞ்சு பாதி பிய்ந்தால் தசை சுருங்கி நாளங்களை நெரிக்க முடியாது. ஆகவே சிறிய ஆஸ்பத்திரியில் எதிர்பாராமல் இப்படி நேர்ந்தால் தொப்புள்கொடியைப் பிடித்து இழுக்காதீர்கள், கையை உள்ளே விட்டுச் சுரண்டாதீர்கள். நாளத்தில் ஏற்றும் தடித்த குழாய் (கனியூலா) இரண்டு, கருப்பையைச் சுருக்கும் ஒக்ஸிடோசின், இரத்தப்போக்கு இருந்தால் பிள்ளை பிறந்து 3 மணித்தியாலத்துக்குள், இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம், 10 நிமிடத்தில் மெதுவாக நாளத்தில். கூடவே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைப்பு.

அந்த நிலையே வராமல் தடுக்கலாம். 20ஆம் வார ஸ்கேனில் நஞ்சு கீழே, முன்பக்கம் இருந்தால் கிளினிக் அட்டையில் சிவப்பு மையில் எழுதுங்கள். 32ஆம் வாரம் அனுபவமுள்ளவர் திரும்பப் பார்க்கட்டும். நஞ்சுக்குள் கருங்குளங்கள்போலத் தெரிந்தாலோ, அதன் பின்னால் இருக்கவேண்டிய தெளிவான கோடு மறைந்திருந்தாலோ, கண்டியிலோ பேராதனையிலோ 35, 36ஆம் வாரத்தில் திட்டமிட்ட அறுவை. பெரும்பாலும் நஞ்சைத் தொடாமல் கருப்பையையே எடுக்கவேண்டியிருக்கும். இதைத் தாயிடமும் கணவரிடமும் முன்கூட்டியே தமிழில் சொல்லுங்கள்.

பொகவந்தலாவையிலும் மஸ்கெலியாவிலும் மழைக்காலத்தில் பாதையில் மண் சரிந்தால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸும் நின்றுவிடும். ஆகவே இத்தாய்மாரை 34ஆம் வாரத்திலேயே வார்டில் சேருங்கள். வீட்டில் மற்றப் பிள்ளைகளைப் பார்க்கக் கணவருக்குச் சம்பளத்தோடு லீவு கொடுப்பது துரைமாரின் கையில் இருக்கிறது. அது இல்லாமல் எந்தத் தாயும் வரமாட்டாள்.

இன்னொன்று. இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணீரோடு விழுங்குவது லயன்களில் சாதாரணம். தேயிலை அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. இரத்தச்சோகையால் ஹீமோகுளோபின் 7இல் இருப்பவளுக்கு ஒரு லீட்டர் இரத்தம் போனாலே உயிருக்கு ஆபத்து. தண்ணீரோடு விழுங்கவும், தேத்தண்ணீரை ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கவும் மருத்துவமாது ஒவ்வொரு வீட்டிலும் சொல்லட்டும்.

இப்படிக்கு,
மலையகத்தில் மகப்பேற்றுப் பணியில் உள்ள வைத்தியர்கள், தாதியர், மருத்துவமாதர்