மின்னூல் கருவி வாங்கும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்னூல் வாசிக்கும் கருவி வாங்க எண்ணுவோர் பெரும்பாலும் விலையையும் நினைவகத்தையுமே விசாரிக்கிறார்கள். தமிழ் வாசகர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தாம் படிக்கப்போகும் நூல்கள் எந்தக் கோப்பு வடிவில் கிடைக்கின்றன என்பதையே.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய பழம்பதிப்புகள் பக்கம் பக்கமாகப் படமெடுக்கப்பட்டு பி.டி.எஃப். கோப்புகளாக உள்ளன. அவற்றை ஆறு அங்குலத் திரையில் திறந்தால் முழுப் பக்கமும் சுருங்கி, எழுத்துகள் எறும்பு வரிசை போலத் தெரியும். பெரிதாக்கினாலோ ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடமும் வலமும் இழுக்க வேண்டும்; இக்கருவிகளில் உள்ள, அச்சுத்தாள் போலத் தோன்றும் மின்மைத் திரை (இ-இங்க்) மெதுவாகவே மாறுவதால் அரை மணி நேரத்தில் அலுத்துவிடும். பழைய நூல்களையே நாடும் ஆய்வாளர்களும் ஆசிரியர்களும் பத்து அங்குலக் கருவியையோ சாதாரணக் கைக்கணினியையோ வாங்குவதே நல்லது.

மாறாக, 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம், ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் போன்ற தளங்களில் படமாக அன்றி எழுத்துகளாகவே (ஒருங்குறி, அதாவது யூனிகோடு) உள்ள நூல்களையும், அமேசானின் கிண்டிலில் 2016 முதல் விற்கப்படும் தமிழ் மின்னூல்களையும் படிப்பவருக்கு ஆறு அங்குலமே போதும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமே மடங்கி அமையும். தடித்த நாவலைக் கையில் தாங்க இயலாத முதியவர்களுக்கு, இருநூறு கிராம்கூட இல்லாத கருவியில், கண்ணைக் கூசாத திரையில் வேண்டிய அளவுக்கு எழுத்தைப் பெருக்கிப் படிக்க முடிவது பெரும் வரம் என்றே சொல்வேன்.

வாங்கும் முன் ஒரு தமிழ்க் கோப்பை அக்கருவியில் திறந்து பார்த்துவிட வேண்டும். தமிழை முறையாக ஆளத் தெரியாத கருவிகளில் 'கொ' என்னும் எழுத்தின் கொம்பு இடம் மாறி நிற்கும். சில இடங்களில் புள்ளி வட்டம் தோன்றும். கடைக்காரர் சொல்லும் உறுதிமொழியைவிட இந்தச் சோதனை நம்பத்தக்கது.

இன்னொன்றையும் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். கிண்டில் கடையில் நாம் பணம் கொடுத்துப் பெறுவது வாசிக்கும் உரிமம் மட்டுமே. 2009-இல், விற்பனை உரிமை இல்லாதவர் வெளியிட்ட நூல்கள் என்று கூறி, ஏற்கெனவே விற்ற பிரதிகளை வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அமேசான் நீக்கியது. பணத்தைத் திருப்பித் தந்தது என்றாலும், நம் அலமாரியில் பிறர் கை வைக்க முடியும் என்பது அன்று தெளிவாயிற்று. எனவே நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு இல்லாத இ-பப் (EPUB என்னும் மின்னூல் வடிவம்) கோப்பாகக் கிடைக்கும் நூலை அந்த வடிவிலேயே வாங்கிக் கணினியில் ஒரு படி சேமித்து வைப்பது பாதுகாப்பானது. கிண்டிலுக்கும் 2022 முதல் இக்கோப்புகளை மின்னஞ்சல் வழியே அனுப்பிப் படிக்க முடிகிறது.

தமிழ்ப் பதிப்பகங்கள் தம் நூல்களை இ-பப் வடிவில் தம் இணையதளங்களிலேயே நேரடியாக விற்க முன்வர வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகமும் அதிகம் தேடப்படும் நாட்டுடைமை நூல்களையாவது, பிழை திருத்திய ஒருங்குறி வடிவில் படிப்படியாக வெளியிட வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தஞ்சாவூர்.